கீறாமல் பார்க்கிற மெஷின்

திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று பொய்ச்சத்தியம் செய்தவனைப் பாம்பு கடிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போன வெள்ளிக்கிழமை நான் அங்கே போய், குளத்தில் கால் நனைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, இனி எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. பாம்பு வரவில்லை. செருப்புதான் காணாமல் போனது. அதற்கும் சத்தியத்துக்கும் சம்பந்தமில்லை.

என் பெயர் அரங்கநாதன். எழுபத்தொரு வயது. திண்டிவனத்தில் நாற்பது வருஷம் தர்பூசணி தட்டிப் பார்க்கிற வேலை செய்தவன். மரக்காணம் ரோட்டுத் தோட்டங்களில் இறங்கி, கொடியில் கிடக்கிற பழத்தை விரல் முட்டியால் தட்டி, அது போடுகிற சத்தத்தை வைத்துப் பழமா, காயா, வெம்பலா என்று சொல்வேன். நான் தலையாட்டினால்தான் லாரியில் ஏறும். ஒரு தடவை பைபாஸில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போன லாரியைச் சத்தத்தை மட்டும் கேட்டு நிறுத்தச் சொல்லி, இடது பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு காய் இருக்கிறது, இறக்கு என்றேன். இறக்கினார்கள். காய்தான்.

இந்த வியாபாரத்தில் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று உண்டு. சந்தேகப்படுகிற ஆளுக்காகப் பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு கீறி எடுத்துச் சிவப்பைக் காட்டுவார்கள். அவர் வாங்காமல் போய்விட்டால் துண்டைத் திரும்பச் செருகிவைப்பார்கள். அதோடு அந்தப் பழத்தின் ஜாதகம் முடிந்தது. ஈ மொய்க்கும், சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், மாடு தின்னும். நான் என் வாழ்நாளில் ஒரு பழத்தைக்கூடக் கீறியதில்லை.

இப்படிப்பட்ட எனக்குத் தை மாதத்தில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. குரல்வளைக்கு வலது பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளவு. திண்டிவனத்து டாக்டர் தடவிப் பார்த்தார். ஊசியை உள்ளே விட்டு ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தால் கேன்சரா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றார். அவர் பேசப் பேச எனக்கு முக்கோணம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதம் வீட்டை விட்டு நகரவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. தினமும் காலையில் பல் தேய்த்ததும் கட்டியைத் தட்டிக் கேட்டேன். நாற்பது வருஷத்தில் எனக்குப் பதில் சொல்லாத பழம் கிடையாது. இது வாயைத் திறக்கவில்லை. என் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி தையல்நாயகியைத் தட்டிக் கேட்கச் சொன்னேன். அவள் என் தலையில் தட்டினாள்.

சித்திரை பிறந்ததும் அவள்தான் ஒரு சேதி கொண்டுவந்தாள். பைபாஸில் தர்பூசணிக் கடை போட்டிருக்கிற சவுரியம்மாள் அவளிடம் சொன்னாளாம். சவுரியம்மாளின் மகளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, விழுப்புரத்தில் ஏதோ புது ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, ஊசியும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"கீறாமலே உள்ள கெட்டியா மெத்துனான்னு சொல்லிருதாம் அந்த மெஷினு" என்றாள் தையல்நாயகி. "நீங்க தட்டறீங்களே, அதையேதான் அது கரண்ட்டுல தட்டுதாம்."

கட்டிகூட அவ்வளவு உறுத்தவில்லை. இது உறுத்தியது. நான் தட்டுகிறதை இன்னொன்று தட்டுகிறதா? மறுநாள் காலையிலேயே கிளம்பினேன், பத்துப் பழங்களோடு. ஒவ்வொன்றையும் வீட்டிலேயே தட்டிப் பார்த்து, என் தீர்ப்பை அடியில் சாக்பீஸால் குறித்துவைத்திருந்தேன். எட்டு பழம், இரண்டு காய். அந்த மெஷின் பத்தையும் சரியாகச் சொன்னால் என் கழுத்தைக் காட்டுவேன், ஒன்று தப்பினாலும் அடுத்த பஸ்ஸில் திரும்புவேன் என்பது பேச்சு. தையல்நாயகி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகு பார்த்தேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் என்றாள். நாங்கள் நிழல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஸ்கேன் சென்டர் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில். கீழே சீட்டு போடுகிற ஆரோக்கியராஜ் இருபது வருஷமாக ஒரே கேள்விகளைக் கேட்டு, நிமிர்ந்து பார்க்காமலே எழுதப் பழகியவர்.

"யாருக்கு?"

தையல்நாயகி மூட்டையிலிருந்து முதல் பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பேரு?"

"தர்பூசு."

"வயசு?"

"எழுவத்தஞ்சி நாளு."

"கொழந்த" என்று எழுதிக்கொண்டார். "எதனா சாப்டுச்சா?"

"தண்ணி மட்டுந்தாங்க."

"தண்ணி குடிச்சிருந்தா நல்லதுதான்."

அடுத்து ஆணா பெண்ணா என்று கேட்டார். நீட்டமாக இருந்தால் ஆண், உருண்டையாக இருந்தால் பெண், இது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, நீங்களே மெஷினில் பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். சுவரில் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார். இங்கே அதையெல்லாம் பார்த்துச் சொல்வது சட்டப்படி குற்றம் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

டாக்டர் அன்புச்செல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முடியாது என்றுதான் சொன்னார். இது மனுஷருக்கான மெஷின், வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஐயா தயவுசெய்து படுங்கள் என்றார். நான் பழம்தான் முதலில் படுக்கும் என்றேன். ரெண்டு பேரும் அசையவில்லை. அப்போது தையல்நாயகி மெதுவாகச் சொன்னாள்.

"மூணு மாசமா வாசப்படி தாண்டாத மனுசனுங்க, டாக்டரம்மா. பழத்துக்காவது வந்துக்குறாரு. பாத்துருங்க."

டாக்டர் என் கழுத்தைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டார்.

பழத்தைக் கட்டிலில் கிடத்தி, உருளாமல் இரண்டு தலையணை அண்டக்கொடுத்து, குளிர்ச்சியான பசையைத் தடவினார். முதல் பழம் லேசாகச் சிலிர்த்தது. நான் பார்த்தேன். மெஷின் என்ன செய்கிறது என்று கேட்டேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்னத் தள்ளு தள்ளும், அந்தத் தள்ளலில் எழும்புகிற அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும், கெட்டியான இடத்தில் ஜல்தியாகப் போகும், மெத்தென்ற இடத்தில் நிதானமாகப் போகும் என்று விளக்கினார். கேன்சர் கட்டி பெரும்பாலும் கெட்டியாக இருக்குமாம். ஆனால் கெட்டியாக இருப்பதெல்லாம் கேன்சரும் இல்லை, மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லதும் இல்லை, மற்றதையும் சேர்த்துப் பார்த்துத்தான் யாருக்கு ஊசி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்வோம் என்றார்.

நாற்பது வருஷமாக நான் விரலால் செய்த வேலையை இந்த அம்மாள் வாயால் ஒப்பிக்கிறார்.

திரையில் பழத்தின் உள்பக்கம் தெரிந்தது. நீலமாக இருந்தது. நல்ல கருநீலம். இரண்டாவதும் நீலம். மூன்றாவது நான் காய் என்று குறித்தது. அது செக்கச்செவேல் என்று வந்தது. எட்டு பழமும் நீலம், இரண்டு காயும் சிவப்பு. நான் எழுந்து மூட்டையைக் கட்டத் தொடங்கினேன்.

"இன்னாங்க ஐயா?"

"டாக்டரம்மா, ஒங்க மெஷினுக்குப் பழமே தெரியல. பழுத்தது செவப்பா இருக்கும், காய் வெளுப்பா இருக்கும். இது காயப் பாத்து செவப்புன்னுது. பழத்த நீலன்னுது. ஒலகத்துல எங்கனா நீலமா தர்பூசு கீதா?"

அது பழத்தின் நிறம் இல்லை, கெட்டியாக இருந்தால் சிவப்பு, மெத்தென்று இருந்தால் நீலம் என்று மெஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம், இங்கே சிவப்பு வந்தால்தான் நாங்கள் யோசிப்போம் என்றார் டாக்டர். இரண்டு பழத்தை அறுத்துப் பார்த்தோம். நீலம் என்று வந்தது உள்ளே சிவப்பு. சிவப்பு என்று வந்தது உள்ளே வெளுப்பு. பத்தும் என் சாக்பீஸோடு ஒத்துப்போனது. மெஷின் தவறாமல் தலைகீழாகச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எப்போதும் பொய் சொல்கிறவனை நம்பிக் காரியம் செய்யலாம். எப்போதாவது உண்மை சொல்கிறவன்தான் பேஜாரு.

பேச்சுப்படி நான் படுத்திருக்க வேண்டும். அறுத்த பழத்தைக் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். அங்கே யாரோ அதைச் செல்போனில் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். தர்பூசணிக்கு ஸ்கேன் என்ற சேதி நான் ஒரு துண்டு தின்று முடிப்பதற்குள் திண்டிவனம் போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் மூன்று மினி வண்டிகள் வந்து நின்றன. வியாபாரிகள் ஆளுக்கு ஒரு பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். ஆரோக்கியராஜ் நிமிராமல் எல்லாவற்றுக்கும் டோக்கன் போட்டார். நாற்காலிகளில் பழங்கள் உட்கார்ந்தன. வயிறு தள்ளிய ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். மரக்காணத்திலிருந்து வந்த பழம் ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறது என்று அதை முன்னால் அனுப்பச் சொல்லி ஒருவர் சிபாரிசு செய்தார். ஒரு பழம் ஏஸி காற்று ஒத்துக்கொள்ளாமல் துண்டு போர்த்திக்கொண்டிருந்தது.

டாக்டர் வெளியே வந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். நீங்கள் படுத்தால்தான் அடுத்த பழம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூன்று வண்டி ஆட்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ண்ணா, போய்ப் படுண்ணா" என்றார் ஒருவர். "சரக்கு வெம்பிக்கினு கீது."

மூன்று மாதமாகத் தையல்நாயகி கெஞ்சி நடக்காதது அந்த ஒரு பேச்சில் நடந்தது. சரக்கு வெம்புகிறது என்றால் என் கால் தானாக நடக்கும். போய்ப் படுத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். தலைக்குப் பின்னால் இருந்த திரை எனக்குத் தெரியவில்லை. பசை ஜில்லென்று இருந்தது. பழம் சிலிர்த்ததில் தப்பே இல்லை. கட்டியின்மேல் அந்தக் கைப்பிடியை வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார். உள்ளே ஏதோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் தட்டினவனை முதல் தடவையாக ஒன்று தட்டுகிறது.

"தையலு, இன்னா கலருடீ?"

அவள் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "நீலங்க" என்றாள்.

நீலம் நல்லது என்று என் மூளைக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டது. வயிற்றுக்கு யாரும் சொல்லவில்லை. சிவப்பைப் பார்த்தே சோறு தின்ற வயிறு அது. நீலத்தை ஜீரணிக்க அதற்குத் தெரியவில்லை. டாக்டர் பசையைத் துடைத்துவிட்டார். மற்றதையும் பார்த்து எழுதித் தருகிறேன், வெளியே இருங்கள் என்றார்.

வெளியே உட்கார இடமில்லை. ஒரு நாற்காலியிலிருந்த பழத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரோக்கியராஜ் ரிப்போர்ட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். மனுஷர்களுக்குக் கையில், பழங்களுக்கு முதுகில், செலோடேப் போட்டு. நிமிர்ந்து பார்க்காத மனிதர் என்று சொன்னேன் இல்லையா. என் மடியிலிருந்த பழத்தின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டினார். என் கையில் ஒரு கவரைத் திணித்தார். பழத்துக்காரர் வந்து பழத்தை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றினார். மூன்று வண்டியும் கிளம்பின. டாக்டரும் மத்தியானத்துக்கு மேல் புதுச்சேரியில் பார்ப்பதால் கிளம்பிவிட்டார்.

எதிர் டீக்கடையில் வைத்துத் தையல்நாயகி கவரைப் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அளவு, முப்பத்தெட்டு சென்டிமீட்டர்."

என் கழுத்தைத் திரும்பிப் பார்த்தாள். சாண் போட்டு அளந்தாள். இரண்டு காதையும் சேர்த்து அளந்தாலும் அவ்வளவு வரவில்லை.

"மொத்தமும் தண்ணி. உள்ள கறுப்புக் கறுப்பா எண்ண முடியாத புள்ளிங்க. ரெண்டு நாள் தாண்டாது. ஒடனே அறுக்கவும். அறுக்கறதுக்கு முன்னாடி ஐஸ்ல வெக்கவும்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ரெண்டு நாள் என்றால் வியாழக்கிழமை. வியாழக்கிழமை திண்டிவனத்தில் ஐஸ் கிடைக்காது, கல்யாண முகூர்த்த நாள். அதை எப்படி ஏற்பாடு செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தையல்நாயகி காகிதத்தை இரண்டாம் தடவை படித்தாள், மூன்றாம் தடவை படித்தாள். பிறகு மேலே எழுதியிருந்த பெயரையும் வயதையும் படித்தாள்.

"யோவ்" என்றாள். ஐம்பது வருஷத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வயசு எழுவத்தஞ்சி நாளுன்னு போட்டுக்குது. இது ஒன்னுது இல்லய்யா. ஒன்னுது பழத்து மேல போவுது."

திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது எதிர்ப்பக்கம் வந்த கார்களைப் பார்த்தேன். ஒவ்வொரு காரின் பின்சீட்டிலும் ஒரு தர்பூசணி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு காகிதம். அதில் ஏதோ ஒன்றில் நான் கேன்சரா இல்லையா என்று எழுதியிருக்கிறது. அதை யாரோ திருச்சிப் பக்கம் கொண்டுபோய், நடுவீட்டில் வைத்து அறுத்து, காகிதத்தில் தோலைச் சுருட்டிப் போடப்போகிறார்கள். இறங்கி ஓடலாம் என்று எழுந்தேன். தையல்நாயகி என் சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். திண்டிவனம் வரும்வரை விடவில்லை.

மூன்று வண்டிச் சரக்கும் சவுரியம்மாளின் கடையில்தான் இறங்கியிருந்தது. அங்கே திருவிழாக் கூட்டம். ஸ்கேன் செய்த பழம் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள். முதலில் கிடைத்த காகிதத்தில் இருந்த பெயரையே ரகத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "நல்லதா ஒரு அரங்கநாதன் குடும்மா" என்று ஒருவர் கேட்டார். "அரங்கநாதன் விதை இல்லாம கீதா?" என்று இன்னொருவர் கேட்டார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், அந்தக் காகிதம் ஒட்டிய பழம் எங்கே என்று கேட்டேன்.

சவுரியம்மாள் கத்தியைத் துடைத்துக்கொண்டே கடைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே வைக்கோல்மேல், ஈரச்சாக்கு போர்த்தி, ஒரு பழம் தனியாக இருந்தது.

"வண்டி வந்ததுலருந்து எத்தினி பேரு கேட்டாங்க தெரிமாண்ணா. கீறிக் காட்டு, வாங்கிக்கறேன்னாங்க. நான் கீறுவனா? டாக்டரு எழுதிக்குறாங்களே. கெட்டி இல்ல, கேன்சர் மாரி தெரியல, ஊசி வேணாம், ஆறு மாசம் கழிச்சி இட்டாந்து காட்டவும்னு. அதான் ஐப்பசி வரிக்கும் யாருக்கும் இல்லன்னுட்டேன்."

தையல்நாயகி அந்தப் பழத்தின் பக்கத்தில் வைக்கோல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சாக்கை விலக்கி, காகிதத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். சவுரியம்மாள் அவளுக்கு ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தாள். சிவப்பாக இருந்தது. அவள் தின்றுகொண்டே அழுதாள். வெயில் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

பழத்தை வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தோம். இன்னும் அறுக்கவில்லை. காலையில் எழுந்ததும் அதை ஒரு தட்டு தட்டுவேன், என் கழுத்தை ஒரு தட்டு தட்டுவேன். இரண்டும் ஒரே சத்தம். ஐப்பசி வந்ததும் இரண்டு பேரையும் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போவதாகத் தையல்நாயகி சொல்லியிருக்கிறாள்.

என் கழுத்துக்கு முதல் ஸ்கேன் இன்றைக்குத்தான். இன்னும் நடக்காததையெல்லாம் இந்த மாடியில் காத்திருந்தபடியே நடந்ததாக எழுதிவிட்டேன். டோக்கன் நம்பர் பதினேழு, இப்போது உள்ளே போயிருப்பது பதினாலு.